கன்சாய்–ஹிரோஷிமா பாஸ்: ஐந்து நாள், ஒரே டிக்கெட்

புறப்படுவதற்கு முன்

ஜப்பான் முழுவதும் செல்லும் ஏழு நாள் ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து ஒரே தாவலில் 50,000 யென் ஆனது. அன்றிலிருந்து, தோக்கியோவில் இறங்கி ஒசாகா போய்த் திரும்பும் சாதாரணச் சுற்றுலாவுக்கு அது கட்டுப்படியாவதில்லை. அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டவை வட்டார பாஸ்கள். அவற்றில் கணக்குப் போட்டால் நன்றாகத் தேறுவது ஜே.ஆர். வெஸ்ட் நிறுவனத்தின் கன்சாய்–ஹிரோஷிமா ஏரியா பாஸ். அதே 2023 அக்டோபரில் அதன் விலையும் ஏறியது, ஆனால் 15,000-லிருந்து 17,000 யென் வரைதான். தொடர்ச்சியாக ஐந்து நாள் செல்லும். ஆறு முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்குப் பாதி விலை.

வாங்கும் முன் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: ஹிரோஷிமா போகிறீர்களா? ஷின்-ஒசாகாவிலிருந்து ஹிரோஷிமாவுக்குப் போய்வரும் ஷின்கான்சென் (புல்லட் ரயில்) கட்டணம் மட்டுமே பாஸின் விலையைத் தாண்டிவிடும். ஹிரோஷிமா திட்டத்தில் இல்லை, ஒகயாமாவோடு திரும்பிவிடுவோம் என்றால் 12,000 யென்னுக்கு கன்சாய் வைடு ஏரியா பாஸ் இருக்கிறது. கியோத்தோ, ஒசாகா, நாரா மூன்றுக்குள்ளேயே சுற்றுபவர்களுக்கு இரண்டுமே வீண்செலவு. அந்தத் தூரங்களுக்கு ஒரு நாளைக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு யென்தான் ஆகும். பணம் ஏற்றிப் பயன்படுத்தும் இகோகா அட்டையைத் தட்டிக்கொண்டு போய்விடலாம்.

பாஸ் எல்லோருக்கும் கிடைக்காது. பாஸ்போர்ட்டில் ‘தற்காலிக வருகையாளர்’ என்ற குடிநுழைவு ஸ்டிக்கர் இருக்க வேண்டும். தோக்கியோவில் ஐ.டி. வேலையில் இருக்கும் மகனும் மருமகளும் ஊரிலிருந்து வந்த பெற்றோரை அழைத்துக்கொண்டு போகிறார்கள் என்றால், பாஸ் பெற்றோருக்கு மட்டும்தான். வேலை விசாவில் இருப்பவர்கள் தனியாக டிக்கெட் எடுக்க வேண்டும். குடும்பமாகத் திட்டம் போடும்போது பலரும் கோட்டை விடும் இடம் இது.

இன்னொன்று, நாள் என்பது காலண்டர் நாள். 24 மணி நேரம் அல்ல. இரவு ஒன்பது மணிக்கு விமானம் இறங்கி, அன்றே பாஸைத் தொடங்கினால் ஒரு முழு நாள் போயிற்று. அப்படிப்பட்ட விமானம் என்றால் அன்றைய டிக்கெட்டைத் தனியாக வாங்கிக்கொண்டு, மறுநாளிலிருந்து பாஸைத் தொடங்குங்கள். தொடக்கத் தேதியை நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம்.

முதல் நாள்: கன்சாய் விமான நிலையம் – கியோத்தோ – இனாரி

விமான நிலையக் கட்டடத்தை விட்டு இரண்டாம் தளப் பாலத்தைக் கடந்தால் ரயில் நிலையம். ஜே.ஆர். வாசலும் நான்காய் என்ற தனியார் ரயிலின் வாசலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். நீல நிறப் பலகை ஜே.ஆர். உடையது. இணையத்தில் வாங்கிய பாஸைக் கையில் பெற இரண்டு வழி: டிக்கெட் அலுவலக வரிசை, அல்லது பச்சை நிற டிக்கெட் எந்திரம். விமானங்கள் அடுத்தடுத்து இறங்கும் நேரத்தில் வரிசை நீண்டுவிடும், எந்திரத்துக்குப் போங்கள். எல்லாப் பச்சை எந்திரத்திலும் முடியாது. பாஸ்போர்ட் ஸ்கேன் செய்யும் கண்ணாடித் தட்டு உள்ளதில்தான் முடியும். மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றி, முன்பதிவு எண்ணையோ கியூஆர் குறியையோ காட்டி, பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தை வைத்தால் பாஸ் வெளியே வரும்.

வருவது பின்பக்கம் காந்தப் பூச்சுள்ள ஒரு காகிதத் துண்டு. மடிக்காதீர்கள், போன் உறையின் காந்த மூடியோடு ஒட்டி வைக்காதீர்கள். தொலைந்தால் மறுபடி தர மாட்டார்கள். வாசலில் நுழைக்கும்போது மறுமுனையில் வெளியே வரும். எடுத்துக்கொண்டுதான் நகர வேண்டும். பெட்டியை இழுக்கும் அவசரத்தில் அங்கேயே விட்டுவிட்டுப் போவது அடிக்கடி நடக்கிறது.

பாஸ் கையில் வந்ததும் அதே எந்திரத்தில் ஹருகா என்ற இன்றைய விமான நிலைய விரைவு வண்டிக்கும், நாளைக்கும் அடுத்த நாட்களுக்குமான ஷின்கான்சென்னுக்கும் இருக்கை எடுத்துவிடுங்கள். கூடுதல் காசு இல்லை. இருக்கைச் சீட்டு தனிக் காகிதமாக வரும். வாசலில் நுழைக்க வேண்டியது பாஸை மட்டும். இருக்கைச் சீட்டைத் தனியே நுழைத்தால் கதவு திறக்காது. அது நமக்கும் நடத்துநருக்கும் மட்டும்.

ஹருகா கியோத்தோவுக்கு ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். தனியாக வாங்கினால் 3,500 யென்னுக்கு மேல் ஆகும். 2023 மார்ச்சிலிருந்து ஒசாகா நிலையத்திலும் நிலத்தடி நடைமேடையில் நிற்கிறது. கியோத்தோவில் அது வந்து நிற்பது 30-ஆம் நடைமேடை, நிலையத்தின் மேற்குக் கோடி. மைய வாசலுக்கு வரக் கணிசமான நடை உண்டு. அடுத்த ரயிலுக்கு ஐந்து நிமிடம்தான் இடைவெளி என்று திட்டமிட்டால் தவறவிடுவீர்கள்.

மாலையில் ஃபுஷிமி இனாரி போகலாம். இரவிலும் மூடாத கோயில் அது. கூட்டம் கலைந்தபின் செந்நிறத் தோரண வாயில்களுக்குள் நிம்மதியாக நடக்கலாம். கியோத்தோவின் 8, 9, 10-ஆம் நடைமேடைகளிலிருந்து நாரா லைன் புறப்படுகிறது. இரண்டாவது நிறுத்தம் இனாரி, ஐந்து நிமிடம். ‘லோக்கல்’ என்று போட்டிருக்கும் வண்டியில் மட்டும் ஏறுங்கள். மியாகோஜி விரைவு வண்டி இனாரியில் நிற்காது. ஜன்னல் வழியாகக் கோயிலைப் பார்த்துக்கொண்டே கடந்துவிடுவீர்கள்.

இரண்டாம் நாள்: கியோத்தோ – ஹிமேஜி – ஹிரோஷிமா

இந்த பாஸில் மிக அதிகமானவர்கள் தடுக்கி விழும் இடம் இன்று காலையே வருகிறது. கியோத்தோவில் ஷின்கான்சென் நிலையம் இருக்கிறது, ஹிரோஷிமா செல்லும் நோசோமி என்ற அதிவேக ஷின்கான்சென்னும் அங்கே நிற்கிறது. ஆனால் கியோத்தோவுக்கும் ஷின்-ஒசாகாவுக்கும் இடையே அந்தத் தண்டவாளம் ஜே.ஆர். வெஸ்டுடையது அல்ல, ஜே.ஆர். சென்ட்ரலுடையது. 1987 ஏப்ரலில் ஜப்பான் தேசிய ரயில்வேயைப் பிரித்தபோது பயணிகள் ரயில் ஆறு நிறுவனங்களாயிற்று. தோக்கியோ–ஷின்-ஒசாகா ஷின்கான்சென் ஒருவர் கைக்கும், அதற்கு மேற்கே உள்ளது இன்னொருவர் கைக்கும் போனது. தெற்கு ரயில்வே முடிந்து தென்மேற்கு ரயில்வே தொடங்கினாலும் நம்மூரில் டிக்கெட் மாறுவதில்லை, அங்கே மாறும். வரைபடத்தில் ஒரே கோடாகத் தெரியும் பாதையில், பாஸ் ஷின்-ஒசாகாவில்தான் தொடங்குகிறது.

ஆகவே கியோத்தோவின் ஷின்கான்சென் வாசல் பாஸை ஏற்காது. அந்த ஒரு நிறுத்தத்துக்குத் தனியாக 1,400 யென்னுக்கு மேல் கொடுக்க வேண்டும். கொடுப்பதில் அர்த்தமில்லை: ஷின்கைசோகு என்ற சிறப்பு விரைவு வண்டி பாஸிலேயே 24 நிமிடத்தில் ஷின்-ஒசாகாவில் விட்டுவிடும். திரும்பும்போதும் இதே எல்லை நினைவிருக்கட்டும். ஹிரோஷிமாவில் ஏறும் நோசோமி பெரும்பாலும் தோக்கியோ வரை போவது. ஷின்-ஒசாகாவில் இறங்காமல் தூங்கிவிட்டால், கியோத்தோ வாசலில் ஷின்-ஒசாகாவிலிருந்தான கட்டணத்தைக் கட்டச் சொல்வார்கள்.

ஹிமேஜிக்கு இரண்டு வழி. ஷின்-ஒசாகாவில் மாறி ஷின்கான்சென் பிடித்தால் அங்கிருந்து அரை மணி. அல்லது கியோத்தோவிலிருந்து ஷின்கைசோகுவிலேயே உட்கார்ந்து ஒன்றரை மணி நேரத்தில் ஹிமேஜியில் இறங்கலாம். மாறுவதற்கான நடையையும் காத்திருப்பையும் சேர்த்தால் ஷின்கான்சென்னில் மிச்சமாவது இருபது நிமிடம் அளவுதான். பெட்டிகளோடு இருப்பவர்களுக்கு ஷின்கைசோகுவே மேல். காலை எட்டு மணி அலுவலக நெரிசலை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

ஹிமேஜி நிலையத்தில் பெட்டிகளை லாக்கரில் போட்டுவிட்டு வடக்கு வாசலில் வெளியே வந்தால், நேர்த் தெருவின் முடிவில் வெள்ளைக் கோட்டை தெரியும். பதினைந்து, இருபது நிமிட நடை. நுழைவுக் கட்டணம் நீண்ட காலம் 1,000 யென்னாக இருந்தது. 2026 மார்ச் முதல் ஹிமேஜி நகரவாசிகளுக்கு மட்டும் அந்த விலை, வெளியூர்க்காரர்களுக்கு 2,500 யென். பழைய பயணக் குறிப்புகளைப் பார்த்துப் பட்ஜெட் போடாதீர்கள். உள்ளே செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக் கையில் சுமந்தபடி செங்குத்தான மரப்படிகளில் ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ் முற்றத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கோட்டையின் அழகும் வெளியிலிருந்து பார்க்கும்போதுதான் கூடுதல். மாலை நான்கு மணியோடு உள்ளே விடுவது முடிந்துவிடும்.

ஹிமேஜியிலிருந்து ஹிரோஷிமா ஒரு மணி நேரம். எல்லா நோசோமியும் ஹிமேஜியில் நிற்காது. சகுரா என்ற ஷின்கான்சென் பெரும்பாலும் நிற்கும். நாடு முழுவதற்குமான பாஸில் நோசோமி, மிசுஹோ வண்டிகளில் ஏறக் கூடுதல் கட்டணம் உண்டு. இந்த வட்டார பாஸில் இல்லை. இருந்தும் தேர்வு கையில் இருந்தால் சகுராவில் முன்பதிவு இருக்கை எடுங்கள். எட்டுப் பெட்டி சகுராவில் முன்பதிவுப் பெட்டிகளில் வரிசைக்கு இரண்டும் இரண்டுமாக அகலமான இருக்கைகள். முன்பதிவில்லா முதல் மூன்று பெட்டிகளில் இரண்டும் மூன்றும். அதே ரயில், அதே பாஸ், உட்காரும் இடம் மட்டும் வேறு.

முன்பதிவில்லாமல் ஏறுவது முன்பு எளிதாக இருந்தது. 2025 மார்ச்சிலிருந்து நோசோமியில் முன்பதிவில்லாப் பெட்டிகள் இரண்டுதான். ஆண்டு இறுதி, ஏப்ரல்–மே பொன்வாரம், ஆகஸ்டு ஓபோன் ஆகிய விடுமுறை நாட்களில் நோசோமி முழுக்க முன்பதிவாகிவிடும்.

சாமான் பெட்டியின் அளவையும் ஊரிலேயே அளந்துவிடுங்கள். நீளம், அகலம், உயரம் கூட்டினால் 160 செ.மீ. தாண்டும் பெட்டிக்கு, ரயில் பெட்டியின் கடைசி வரிசையில் ‘பெரிய சாமான் இடம் உள்ள இருக்கை’யை முன்பதிவு செய்ய வேண்டும். 2020 மே முதல் இந்த விதி. இருக்கை இலவசம்தான், செய்யாமல் கொண்டு ஏறினால் 1,000 யென் தண்டம்.

மூன்றாம் நாள்: மியாஜிமா, ஹிரோஷிமா

கிளம்பும் முன் மியாஜிமாவின் அலை அட்டவணையைப் பாருங்கள். நீர்மட்டம் 250 செ.மீ.க்கு மேல் இருந்தால் பெரிய தோரி வாயில் கடலில் மிதப்பதுபோல் தெரியும். 100 செ.மீ.க்குக் கீழே இறங்கினால் அடிவரை நடந்து போகலாம். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க ஆறு மணி நேரம் தீவில் இருக்க வேண்டும். மலையேறப் போகிறவர்களுக்கு அது நீண்ட நேரமும் அல்ல. மிசென் மலை 535 மீட்டர், ரோப்வேக்குத் தனிக் கட்டணம்.

ஹிரோஷிமாவிலிருந்து மியாஜிமாகுச்சிக்கு ஜே.ஆர். சன்யோ லைனில் அரை மணிக்குள் போகலாம். டிராம் வண்டியும் அங்கே போகிறது, ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும், பாஸும் செல்லாது. படகுத்துறையில் இரண்டு நிறுவனங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஜே.ஆர். படகில்தான் பாஸ் செல்லும். ஆனால் முழு இலவசம் அல்ல: 2023 அக்டோபர் முதல் தீவுக்குச் செல்லும் வெளியாட்கள் எல்லோரும் 100 யென் வருகையாளர் வரி கட்ட வேண்டும், பாஸ் வைத்திருப்பவர்களும்தான். எந்திரத்தில் அதற்கான பொத்தான் தனியாக இருக்கும். காலை ஒன்பது பத்திலிருந்து மாலை நான்கு பத்து வரை மியாஜிமாகுச்சியிலிருந்து புறப்படும் ஜே.ஆர். படகுகள் தோரிக்கு அருகே வளைந்து போகும். போகும்போது வலது பக்கம் நில்லுங்கள்.

மதியம் ஹிரோஷிமா திரும்பி, ஷின்கான்சென் பக்கத்து வாசலுக்குப் போனால் மெய்ப்புரு-பூ என்ற சுற்றுலாப் பேருந்து. பாஸை ஓட்டுநரிடம் காட்டினால் போதும். அணுகுண்டுக் கூரைமாடம், அமைதிப் பூங்கா எல்லாம் இதன் வழியில். நகர டிராமுக்கு பாஸ் கிடையாது. அமைதி நினைவு அருங்காட்சியகத்துக்கு 200 யென். பிள்ளைகளோடு செல்பவர்கள் ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள்: உள்ளே பொருட்களும் படங்களும் எதையும் மறைப்பதில்லை. சிறு பிள்ளைகள் இருந்தால் பெரியவர்கள் முறைவைத்துப் போய்வரலாம்.

நான்காம் நாள்: ஒகயாமா வழியாகத் தகமட்சு

பாஸின் வரைபடத்தில் தெற்கே ஒரு வால் நீண்டு ஷிகோகு தீவைத் தொடும். அதைப் பலர் கவனிப்பதில்லை. நம் பார்வையில் இந்த பாஸின் மிக நல்ல ஒரு மணி நேரம் அங்கேதான்.

ஹிரோஷிமாவிலிருந்து ஒகயாமாவுக்கு ஷின்கான்சென் 40 நிமிடம் அளவு. இரவு ஒகயாமாவில் தங்குவது வசதி; நிலையத்தைச் சுற்றி விடுதிகள் உண்டு, விலையும் கியோத்தோவை விடக் குறைவு. பெட்டிகளை விட்டுவிட்டு மரைன் லைனர் என்ற விரைவு வண்டியைப் பிடியுங்கள். தகமட்சுவுக்கு 55 நிமிடம் அளவு. முதல் பெட்டி இரண்டு தளம். மேல்தளம் கிரீன் வகுப்பு (முதல் வகுப்பு போன்றது), கீழ்தளம் முன்பதிவு. மற்றப் பெட்டிகளில் கேட்காமல் உட்காரலாம்.

கோஜிமாவைத் தாண்டியதும் சேத்தோ பெரும்பாலம். 1988 ஏப்ரலில் திறந்தது. மேலே கார்கள், கீழே ரயில். உள்கடலின் தீவுகளும் மீன்பிடிப் படகுகளும் கீழே தெரிந்துகொண்டே வரும். இரும்புச் சட்டங்கள் குறுக்கே ஓடுவதால் படம் எடுப்பவர்கள் கண்ணாடியோடு போனை ஒட்டி வைத்து வீடியோவாக எடுத்தால்தான் தேறும். பலத்த காற்றடித்தால் பாலத்தில் ரயிலை நிறுத்திவிடுவார்கள். வானிலை எச்சரிக்கை உள்ள நாளில் தகமட்சுவை விட்டுவிட்டு ஒகயாமாவின் கொராகுயென் தோட்டத்தில் நாளைக் கழியுங்கள். அக்கரையில் மாட்டிக்கொண்டால் பாஸ் உதவாது.

தகமட்சு நிலையத்தோடு பாஸின் எல்லை முடிகிறது. ரிட்சுரின் தோட்டத்துக்கு அருகில் ஜே.ஆர். நிலையம் ஒன்று இருக்கிறது; ஆனால் அது ஜே.ஆர். ஷிகோகுவின் பாதை, பாஸ் செல்லாது. கொத்தோதென் என்ற உள்ளூர் ரயிலிலோ பேருந்திலோ காசு கொடுத்துப் போங்கள், தொகை சிறிதுதான். கோம்பிரா கோயில் உள்ள கொத்தோஹிராவுக்கும் இதே கதை: எல்லைக்கு வெளியே போகும் தூரத்துக்கு டிக்கெட் தனி. வண்டிக்குள் ‘எல்லாம் ஜே.ஆர்.தானே’ என்று வாதம் செய்து பயனில்லை.

ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது சனுகி ஊதோன் என்ற கோதுமை நூடுல்ஸ். சைவக்காரர்கள் கவனிக்க: அதன் சாறு உலர்ந்த சிறு மீனில் காய்ச்சியது. ‘காய்கறி ஊதோன்’ என்று பலகை இருந்தாலும் சாறு அதேதான்.

நவோஷிமா கலைத்தீவுக்குப் போக நினைப்பவர்கள் தகமட்சுவுக்குப் பதிலாக சாயாமாச்சியில் மாறி ஊனோ வரை பாஸில் போகலாம். படகுக்குக் காசு தனி, 20 நிமிடம். திங்கட்கிழமை அங்கே முக்கிய அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும்.

ஐந்தாம் நாள்: குராஷிகி, திரும்பும் வழி

காலையில் ஒகயாமாவிலிருந்து குராஷிகி, சாதாரண வண்டியில் 17 நிமிடம் அளவு. ஷின்-குராஷிகி என்று ஷின்கான்சென் நிலையம் ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்து அங்கே இறங்காதீர்கள், பழைய ஊர் அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டருக்கு மேல். குராஷிகி நிலையத்திலிருந்து கால்வாயோரத் தெருவுக்குப் பதினைந்து நிமிட நடை. காலை ஒன்பது மணிக்கு முன் போனால் வெள்ளைச் சுவர்க் கிடங்குகளை ஆளில்லாமல் பார்க்கலாம். 1930-இல் தொடங்கிய ஒஹாரா அருங்காட்சியகமும் திங்களில் மூடியிருக்கும்.

பின் ஒகயாமா, அங்கிருந்து முக்கால் மணியில் ஷின்-ஒசாகா, அங்கிருந்து ஹருகாவில் ஐம்பது நிமிடத்தில் விமான நிலையம். இந்த ஐந்து நாள் பாதைக்குத் தனித்தனியாக டிக்கெட் எடுத்தால் 30,000 யென்னைத் தாண்டும். நாளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் இனாரியும் மியாஜிமாவும் சில நூறு யென் விவகாரம். பாஸின் விலையை மீட்டுத் தருபவை ஷின்கான்சென் ஓடும் மூன்று நாளும் இரண்டு ஹருகாவும். கியோத்தோவில் இன்னும் மூன்று நாள் தங்க ஆசை இருந்தால் அவற்றை பாஸ் முடிந்த பிறகு வையுங்கள், நடுவில் செருக வேண்டாம். அப்போது திரும்பும் ஹருகா மட்டும் பாஸுக்கு வெளியே போகும்.

நகருக்குள் சுரங்க ரயில், ஹான்க்யூ, கெய்ஹான், கின்தெத்சு எதிலும் இந்த பாஸ் செல்லாது, அதற்கு இகோகா. ஒரே பையில் இரண்டும் இருக்கும்போது பழக்கதோஷத்தில் ஜே.ஆர். வாசலில் இகோகாவைத் தட்டிவிடுவது உண்டு. தட்டி உள்ளே போய்விட்டால், வெளியேறும் முன் வாசலோரம் இருக்கும் ஊழியரிடம் இரண்டையும் காட்டி, பதிவை நீக்கச் சொல்லுங்கள்.

ஹருகா தவறிப்போனால் ஒசாகா நிலையத்திலிருந்து கன்கூ கைசோகு விரைவு வண்டி, ஏறக்குறைய ஒரு மணி பத்து நிமிடம். இதில் ஏறும் பெட்டி முக்கியம். ஹினேனோ நிலையத்தில் ரயில் இரண்டாகப் பிரியும்: 1 முதல் 4 வரையான பெட்டிகள் விமான நிலையத்துக்கு, 5 முதல் 8 வரை வகயாமாவுக்கு. பெட்டிக்குள் திரையில் ஆங்கிலத்திலும் காட்டுவார்கள். தவறான பெட்டியில் இருந்தால் ஹினேனோ வருவதற்கு முன் உள்ளேயே முன்னால் நடந்து போய்விடலாம். நெரிசல் என்றால் ஹினேனோவில் இறங்கி நடைமேடையில் ஓட வேண்டும், நிற்கும் நேரம் சில நிமிடம்தான்.

விமான நிலையம் கடலுக்குள் இருக்கும் செயற்கைத் தீவு, ரயிலுக்கு ஒரே பாலம். புயற்காற்றில் அதையும் மூடுவார்கள். 2018 செப்டம்பர் 4-ஆம் தேதிப் புயலில் ஒரு டேங்கர் கப்பல் மோதி அந்தப் பாலமே சேதமானது. ஆகஸ்டு, செப்டம்பரில் திரும்புபவர்கள், புயல் எச்சரிக்கை இருந்தால் குராஷிகியை விட்டுவிட்டு முந்தைய இரவே விமான நிலையத்துக்கு அருகில் போய்த் தங்கிவிடுங்கள். இகோகாவில் மீதமுள்ள பணத்தை விமான நிலையத்தின் கடைகளில் செலவழிக்கலாம். கடைசியாகப் பயன்படுத்திய நாளிலிருந்து பத்தாண்டு அது செல்லும் என்பதால் அட்டையைத் திருப்பிக் கொடுக்க அவசரமில்லை.